உதரவிதானக் குடலிறக்கக் குழந்தைக்கு வென்டிலேட்டர்: எதை, எப்போது குறைப்பது?

கேள்வி: பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் குழந்தை மருத்துவர் நான். சென்ற மாதம் 38 வாரத்தில், 2.9 கிலோ எடையில், இடப்பக்க உதரவிதானக் குடலிறக்கத்தோடு (உதரவிதானத்தில் உள்ள துளை வழியே குடல் நெஞ்சுக்குள் ஏறியிருக்கும் குறை) ஒரு குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழவில்லை. ஒரு நிமிடம் மாஸ்க் வைத்து, கையால் அழுத்தும் ஆம்பு பையால் காற்று கொடுத்துவிட்டு மூச்சுக்குழலில் டியூப் போட்டோம். வென்டிலேட்டரில் பி.ஐ.பி. (உள்மூச்சின் உச்ச அழுத்தம்) 28, பீப் (வெளிமூச்சின் முடிவில் மிஞ்சும் அழுத்தம்) 6, ரேட் (நிமிடத்துக்கு எத்தனை மூச்சு) 60, ஆக்சிஜன் 90 சதவீதம். 12 மணி நேரத்தில் வலது கையில் சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு, சதவீதத்தில்) 98, காலில் 84. தொப்புள் தமனி ரத்தத்தில் பி.எச். 7.47, கார்பன் டை ஆக்சைடு 36, ஆக்சிஜன் 38. ஆக்சிஜன் இவ்வளவு குறைவாக இருந்ததால் அழுத்தத்தைக் குறைக்கத் துணியவில்லை. அன்று இரவே வலப்பக்கம் நியூமோதோராக்ஸ் (நுரையீரல் கிழிந்து நெஞ்சுக்குள் காற்று கசிவது). டிரெய்ன் போட்டு, எச்.எஃப்.ஓ.வுக்கு (மிக வேகமான நுண் அதிர்வுகளால் காற்று தரும் வென்டிலேட்டர் முறை) மாற்றி, மீன் பிரஷர் (சராசரி அழுத்தம்) 18 வைத்தோம். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. மூன்றாம் நாள் குழந்தை இறந்துவிட்டது. இப்போது ஸ்கேனில் இதே குறை தெரிந்த இன்னொரு தாய் 34-ஆம் வாரத்தில் இருக்கிறார். நாங்கள் எதை மாற்ற வேண்டும்? முதலிலேயே எச்.எஃப்.ஓ. வைத்திருக்க வேண்டுமா?

பதில்: எண்களை மறைக்காமல் முழுசாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பயனுள்ள பதில் சொல்ல முடிகிறது. அந்தக் குழந்தையின் நுரையீரல் எந்த அளவுக்குச் சிறியது, ஈரல் நெஞ்சுக்குள் ஏறியிருந்ததா என்பதெல்லாம் கடிதத்தில் இல்லை. எனவே வேறு மாதிரி செய்திருந்தால் பிழைத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 12-ஆவது மணி நேரத்து ரிப்போர்ட்டில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கிறது. வலது கையில் 98, கார்பன் டை ஆக்சைடு 36, பி.எச். 7.47. அழுத்தத்தைக் குறைக்க வேண்டிய நேரம் அது. எச்.எஃப்.ஓ. வைப்பதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

இனி வரும் அழுத்தங்கள் எல்லாம் செ.மீ. நீர் அளவிலும், ரத்த வாயு அளவுகள் மி.மீ. பாதரசத்திலும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைத் தடுத்து நிறுத்தியது அந்த 38. அது எங்கிருந்து எடுத்த ரத்தம் என்று பாருங்கள். தொப்புள் தமனிக் குழாயின் முனை பெருந்தமனியில், டக்டஸ் (நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு இணைக்கும், கருக்காலத்துக் குழாய்) வந்து சேரும் இடத்துக்குக் கீழே இருக்கிறது. நுரையீரல் ரத்த அழுத்தம் உயர்ந்திருக்கும்போது ஆக்சிஜன் ஏறாத ரத்தம் டக்டஸ் வழியாக நேரே அங்கே வந்து கலக்கிறது. டக்டஸ் சேரும் முன்பே பிரிந்து மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தம் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வது வலது கை. கணக்குப் போட்டே பார்க்கலாம். பி.ஐ.பி. 28, பீப் 6, ரேட் 60, மூச்சு உள்ளே போகும் நேரம் 0.35 செகண்ட் என்றால் மீன் பிரஷர் ஏறக்குறைய 14. ஆக்சிஜனேஷன் இண்டெக்ஸ் என்பது மீன் பிரஷரை ஆக்சிஜன் சதவீதத்தால் பெருக்கி, தமனி ஆக்சிஜனால் வகுப்பது. 14 × 90 ÷ 38 = 33. பயமுறுத்தும் எண்தான். அதே நேரத்தில் வலது மணிக்கட்டுத் தமனியில் எடுத்து, ஆக்சிஜன் 80 என்று வந்திருந்தால் இண்டெக்ஸ் 16. ஒரே குழந்தை, ஒரே நிமிடம், இரண்டு முடிவுகள். அடுத்த குழந்தைக்கு முடிந்தவரை அந்த வலது மணிக்கட்டு (ரேடியல்) தமனியில் லைன் போடுங்கள். முடியாவிட்டால் தொப்புள் தமனியில் கார்பன் டை ஆக்சைடையும் பி.எச்.சையும் லாக்டேட்டையும் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடுவது) மட்டும் பாருங்கள். ஆக்சிஜனுக்கு வலது கை ஆக்சிமீட்டரை நம்புங்கள்.

நியூமோதோராக்ஸ் வலப்பக்கம் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. இந்தக் குறையில் சிறுத்துப்போவது குடல் ஏறிய பக்கத்து நுரையீரல் மட்டுமல்ல. இருபக்கமும் கிளைகள் குறைவு, காற்றறைகள் குறைவு, ரத்தக் குழாய்கள் எண்ணிக்கையில் குறைந்து சுவர் தடித்துப்போயிருக்கும். இடப்பக்கம் கிட்டத்தட்ட விரியாது. எனவே நீங்கள் தள்ளும் காற்று முழுவதும் வலது நுரையீரலுக்குப் போகிறது. அதுவும் சராசரி அளவை விடச் சிறியது. அது கிழிந்தால் குழந்தையிடம் இருந்த ஒரே நுரையீரல் போய்விடுகிறது. கிழியாவிட்டாலும், அளவுக்கு மேல் ஊதிய காற்றறைகள் தம்மைச் சுற்றியுள்ள நுண்குழாய்களை நசுக்குகின்றன. நுரையீரல் ரத்த அழுத்தம் இன்னும் ஏறும், காலில் சாச்சுரேஷன் இன்னும் இறங்கும், நாம் இன்னும் அழுத்தத்தை ஏற்றுவோம். இந்தச் சுழலை உடைப்பதுதான் இக்குழந்தைகளின் வென்டிலேட்டர் சிகிச்சையில் முக்கால் பங்கு வேலை.

ஒரு காலத்தில் வேண்டுமென்றே வேகமாக மூச்சு கொடுத்து, பி.எச்.சை உயர்த்தி, நுரையீரல் குழாய்களைத் திறக்கப் பார்த்தார்கள். 1985-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த ஜென்-டியன் வுங்கும் சக மருத்துவர்களும், நுரையீரல் ரத்த அழுத்தம் உயர்ந்த பச்சிளம் குழந்தைகளுக்கு அப்படிச் செய்யாமல், கார்பன் டை ஆக்சைடு கூடுவதைப் பொறுத்துக்கொண்டு மென்மையாக வென்டிலேட் செய்த முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு உதரவிதானக் குடலிறக்கத்துக்கும் அதே வழி வந்தது. இன்று இந்தக் குறைக்கான ஐரோப்பிய மருத்துவ மையங்களின் கூட்டமைப்பு தந்த வழிகாட்டியும் சரி, கனடாவின் வழிகாட்டியும் சரி, பி.ஐ.பி. 25-ஐத் தாண்ட வேண்டாம் என்றே சொல்கின்றன. கார்பன் டை ஆக்சைடுக்கு ஐரோப்பியர்கள் 50 முதல் 70 வரை, கனடாவினர் 45 முதல் 60 வரை வைத்திருக்கிறார்கள். உங்கள் பிரிவுக்கு 45-65 என்று ஒரே வரம்பை எழுதி வையுங்கள், பி.எச். 7.20-க்குக் கீழே போகாதவரை. வலது கை சாச்சுரேஷன் 85 முதல் 95. காலில் 70-க்கு மேல் இருந்தால் போதும். லாக்டேட் 5-க்குக் கீழ், சிறுநீர் மணிக்கு கிலோவுக்கு 1 மி.லி.க்கு மேல். இவை சரியாக இருக்கும்போது காலில் 78 என்பதற்காக ஒரு பொத்தானையும் தொடக் கூடாது.

இனி வரப்போகும் குழந்தைக்கு. முதலில், அந்தத் தாயின் பிரசவம் எங்கே நடக்க வேண்டும் என்று இந்த வாரமே முடிவெடுங்கள். நைட்ரிக் ஆக்சைடு (நுரையீரல் ரத்தக் குழாய்களைத் திறக்கும் வாயு), எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்க ஆள், குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர், முடிந்தால் எக்மோ (உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் இயந்திரம்) இருக்கும் இடத்துக்குக் குழந்தையை வயிற்றில் வைத்தே அனுப்புவது, பிறந்தபின் ஆம்புலன்ஸில் அனுப்புவதை விடப் பல மடங்கு பாதுகாப்பானது. ஸ்கேனில் நுரையீரல்-தலை விகிதம், அந்த வாரத்துக்கு எதிர்பார்க்கும் அளவில் 25 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, ஈரல் நெஞ்சுக்குள் இருந்தாலோ இதில் யோசிக்கவே இடமில்லை. அனுப்ப முடியாத நிலை வந்தால், அல்லது திடீரென்று வலி எடுத்து உங்களிடமே பிறந்தால், கீழே உள்ளபடி செய்யுங்கள்.

பிரசவ அறையில் மாஸ்க் வேண்டாம். மாஸ்க்கில் தரும் காற்றில் கணிசமான பங்கு வயிற்றுக்குப் போகும், அந்த வயிறோ நெஞ்சுக்குள் இருக்கிறது. ஒரு நிமிட ஆம்பு காற்று குடலை ஊதி, இதயத்தை வலப்பக்கம் தள்ளி, ஏற்கெனவே இல்லாத இடத்தை இன்னும் குறைத்துவிடும். குழந்தை அழுதாலும் அழாவிட்டாலும் டியூப் போடப் போகிறோம் என்று முன்பே தெரியும். எனவே குழுவில் டியூப் போடுவதில் கைதேர்ந்தவர்தான் லாரிங்கோஸ்கோப்பைப் பிடிக்க வேண்டும். 3.5 டியூப், உதட்டில் ஏறக்குறைய 9 செ.மீ. மூச்சுக்குழலும் வலப்பக்கம் தள்ளப்பட்டிருப்பதால் டியூப் வலது மூச்சுக்கிளைக்குள் நழுவுவது எளிது. எக்ஸ்ரே பார்க்கும்வரை அந்த 9-ஐ நம்பாதீர்கள்.

காற்று கொடுக்க ஆம்பு பை வேண்டாம், அழுத்தத்தை முன்கூட்டியே நிர்ணயிக்க முடிகிற டி-பீஸ் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். பையை எவ்வளவு கவனமாக அழுத்தினாலும் பதற்றத்தில் 35, 40 என்று போய்விடும். டி-பீஸில் பி.ஐ.பி. 20, பீப் 4 என்று குழந்தை பிறப்பதற்கு முன்பே அதன் முனையை அடைத்துப் பார்த்து வையுங்கள். மார்பு லேசாக அசையவில்லையென்றால் 22, 24. மேல்வரம்பு 25. ஆக்சிஜனை 100-இல் தொடங்குவோரும் உண்டு, 50-இல் தொடங்குவோரும் உண்டு. எதில் தொடங்கினாலும் வலது கை 95-ஐத் தாண்டிய கணமே இறக்கத் தொடங்குங்கள். இங்கே பொறுமை வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் வலது கை 70-இலேயே இருந்தாலும், எதையும் மாற்றாமலே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்து, பி.எச். 7.20-க்கு மேலும் கார்பன் டை ஆக்சைடு 65-க்குக் கீழும் இருந்தால் விட்டுவிடலாம். சாதாரணக் குழந்தைகளுக்கான பத்து நிமிட இலக்கை இந்தக் குழந்தை மேல் திணிக்கும்போதுதான் முதல் காயம் விழுகிறது.

அடுத்தது வயிற்று டியூப். பல இடங்களில் கோட்டை விடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூச்சு டியூப் ஒட்டியவுடன், தாமதமின்றி, 8 அல்லது 10 எஃப்.ஆர். (டியூப் பருமனின் அளவு) இரட்டைக் குழாய் டியூப்பை வயிற்றுக்குப் போட்டு, குறைந்த அளவில் விடாத உறிஞ்சலில் இணையுங்கள். ஒற்றைக் குழாய் டியூப்பில் தொடர்ந்து உறிஞ்சினால் வயிற்றுச் சுவர் துளையில் ஒட்டிக்கொள்ளும். வெளியே ஒன்றும் வராது, நாமும் வயிறு காலி என்று நினைத்திருப்போம். இரட்டைக் குழாயில் இரண்டாவது குழாய் வெளிக்காற்றை உள்ளே விட்டு அந்த ஒட்டலைத் தடுக்கிறது. ஒழுகுகிறது என்று அந்தக் காற்றுக் குழாயில் மூடி போட்டுவிட்டால், அதுவும் ஒற்றைக் குழாய்தான். அதன் வாயைக் குழந்தையின் மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்து, சில மணிக்கு ஒருமுறை சிறிது காற்றைத் தள்ளி அடைப்பு இல்லையென்று உறுதி செய்யுங்கள். இரட்டைக் குழாய் டியூப் கையில் இல்லையென்றால், 8 எஃப்.ஆர். சாதாரண டியூப்பைத் திறந்த நிலையில் விட்டு, ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். எக்ஸ்ரேயில் டியூப் இடது நெஞ்சுக்குள் மேல்நோக்கி வளைந்து கிடந்தால் வயிறு அங்கேதான் இருக்கிறது என்று பொருள். பதறி வெளியே இழுத்துவிடாதீர்கள். பிற்பாடு எப்போது சாச்சுரேஷன் திடீரென்று இறங்கினாலும் மூச்சு டியூப்பை அடுத்துப் பார்க்க வேண்டியது இந்த டியூப்பைத்தான்.

பிரிவுக்கு வந்ததும் சாதாரண வென்டிலேட்டரில் தொடங்குங்கள். பி.ஐ.பி. 20 முதல் 22, பீப் 3 முதல் 5, ரேட் 40 முதல் 60, உள்மூச்சு நேரம் 0.35 செகண்ட் அளவு. நீங்கள் வைத்த பீப் 6 பார்வைக்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் இது சர்ஃபேக்டன்ட் (காற்றறைகளைச் சுருங்கவிடாமல் காக்கும் திரவம்) இல்லாமல் சுருங்கிய குறைப்பிரசவ நுரையீரல் அல்ல, திறந்து நிறுத்தவென்று பெரிய இடம் எதுவும் இங்கே இல்லை. இருக்கும் காற்றறைகள் 3, 4-லேயே திறந்திருக்கும். அதற்கு மேல் வைப்பது அவற்றை இழுத்துப் பிடித்து, மார்புக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுப்பதில்தான் முடியும். சர்ஃபேக்டன்ட்டும் இதே காரணத்தால் வழக்கமாகத் தரப்படுவதில்லை.

உங்கள் வென்டிலேட்டரில் வால்யூம் கேரண்டி (ஒவ்வொரு மூச்சிலும் குறித்த அளவு காற்றைத் தரும் முறை) இருந்தால் கிலோவுக்கு 4 மி.லி.யில் தொடங்கலாம். 2.9 கிலோவுக்கு ஏறக்குறைய 12 மி.லி. தேவைப்பட்டால் 5 வரை, அதாவது 14.5 மி.லி. நுரையீரல் தளரும்போது இயந்திரமே அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் அழுத்த மேல்வரம்பை 25-இல் பூட்டிவிட்டுத்தான் இதைப் போட வேண்டும். டியூப்பைச் சுற்றிக் கசிவு இருந்தால், வெளிமூச்சை அளக்கும் சென்சருக்கு மூச்சு சிறியதாகத் தெரியும். இயந்திரம் நம்பி அழுத்தத்தை ஏற்றும். கசிவு 40 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணை நம்பாதீர்கள். தலையைத் திருப்பி வைத்துப் பாருங்கள், குறையவில்லையென்றால் அழுத்த முறைக்கே திரும்புங்கள். இன்னொன்று, 12 மி.லி. மூச்சில் சென்சர், வளைந்த இணைப்பு, மூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோ அடாப்டர் எல்லாம் சேர்ந்து 3 மி.லி. பிடித்துக்கொண்டால் கால்வாசி மூச்சு பிளாஸ்டிக்கிலேயே வீண். அவசியமில்லாத இணைப்புகளைக் கழற்றுவது, அழுத்தத்தை 2 ஏற்றுவதற்குச் சமமான வேலையைக் காயமின்றிச் செய்யும்.

திரையில் ஃப்ளோ அலையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கோட்டுக்கு மேலே உள்மூச்சு, கீழே வெளிமூச்சு. வெளிமூச்சுக் கோடு பூஜ்யத்தைத் தொட்டபின் அடுத்த மூச்சு கிளம்ப வேண்டும். தொடுவதற்கு முன்பே கிளம்பினால் காற்று உள்ளே தேங்குகிறது. நீங்கள் வைத்தது பீப் 4 ஆனாலும் உள்ளே இருப்பது 6, 7. அப்போது ரேட்டைக் குறைக்க வேண்டும். உள்மூச்சுக் கோடு பூஜ்யத்துக்கு வந்து, அங்கேயே நீண்ட நேரம் தட்டையாக நின்றால், நுரையீரல் நிறைந்தபின்னும் பிடித்து வைத்திருக்கிறோம் என்று பொருள். உள்மூச்சு நேரத்தை 0.30-க்குக் கொண்டுவரலாம்.

எக்ஸ்ரேயில் எண்ண வேண்டியது வலப்பக்கத்துப் பின்விலா எலும்புகளை மட்டும். எட்டு வரை விரிந்திருந்தால் போதும். ஒன்பதைத் தாண்டி, உதரவிதானம் தட்டையாகியிருந்தால் அதிகம். இடப்பக்கம் கறுப்பும் வெள்ளையுமாகக் குடல் தெரிவதைப் பார்த்து அந்தப் பக்கத்தை விரிக்க முயலாதீர்கள். அது இப்போது விரியாது. அந்த முயற்சியின் விலையை வலது நுரையீரல்தான் கொடுக்கும்.

கார்பன் டை ஆக்சைடு 65-ஐத் தாண்டினால் அழுத்தத்துக்குப் போகும் முன் டியூப் ஆழம், சளி, தலையின் நிலை, வயிற்று டியூப், கூடுதல் இணைப்புகள் என்று வரிசையாகப் பார்த்துவிடுங்கள். பிறகு ரேட்டை ஐந்தைந்தாக, அதிகபட்சம் 60 வரை. அதற்குப் பிறகுதான் பி.ஐ.பி. 2. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 20, 30 நிமிடம் கழித்து ரத்த வாயு. 25-இலும் பி.எச். 7.20-ஐப் பிடிக்க முடியவில்லையென்றால் எச்.எஃப்.ஓ.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி. முதலிலேயே எச்.எஃப்.ஓ. வைத்திருக்க வேண்டியதில்லை. 2016-இல் வெளியான விசி என்ற ஆய்வில், கருவிலேயே கண்டறியப்பட்ட 171 குழந்தைகளைச் சாதாரண வென்டிலேட்டர், எச்.எஃப்.ஓ. என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். மரணம் அல்லது நாள்பட்ட நுரையீரல் நோய் என்ற முதன்மை முடிவில் நிச்சயமான வித்தியாசம் இல்லை. ஆனால் சாதாரண வென்டிலேட்டரில் தொடங்கிய குழந்தைகள் குறைந்த நாட்களே வென்டிலேட்டரில் இருந்தன. எக்மோவும் நைட்ரிக் ஆக்சைடும் குறைவாகவே தேவைப்பட்டன. எனவே எச்.எஃப்.ஓ.வை இரண்டாவது கருவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது மீன் பிரஷர் 13, 14-இல் தொடங்குங்கள். மேல்வரம்பு 17. அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிட்யூட் (அதிர்வின் வீச்சு) 30-இல் தொடங்கி, மார்பு அதிர்வு தொப்புள் வரை தெரியும் அளவுக்கு ஏற்றுங்கள், பெரும்பாலும் 50-க்குள் அடங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் எக்ஸ்ரே, அதே எட்டு விலா எலும்புக் கணக்கு. குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு நாம் பழகிய வழி, ஆக்சிஜன் தேவை குறையும்வரை மீன் பிரஷரை ஏற்றிக்கொண்டே போவது. அந்தப் பழக்கம் இங்கே ஆபத்து. நீங்கள் வைத்த 18-இல் ரத்த அழுத்தம் இறங்கியது அதனால் இருக்க வாய்ப்பு அதிகம். விடாமல் ஒரே அழுத்தத்தில் நிற்கும் மார்பு, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை அடைக்கிறது. வலது இதயம் தடித்த குழாய்களை எதிர்த்துத் தள்ளித் தவிக்கிறது. ஏற்கெனவே சிறுத்த இடது இதயத்துக்கு வர வேண்டிய ரத்தமும் வரவில்லை. இந்த நிலையில் ரத்த அழுத்த மருந்தை ஏற்றுவதற்கு முன் மீன் பிரஷரை 2 குறைத்துப் பாருங்கள். சாச்சுரேஷன் இறங்குவதற்குப் பதில் ஏறினால் காரணம் தெரிந்துவிட்டது. எச்.எஃப்.ஓ.வில் கார்பன் டை ஆக்சைடு மிக வேகமாக இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம், ஆம்ப்ளிட்யூடின் சிறு மாற்றமே பெரிதாக வேலை செய்யும். தோல்வழி கார்பன் டை ஆக்சைடு மானிட்டர் இருந்தால் அதைப் போட்ட பிறகே மாற்றுங்கள்.

எல்லாச் சாச்சுரேஷன் இறக்கமும் வென்டிலேட்டரின் தவறு அல்ல. வலது கைக்கும் காலுக்கும் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிரச்சினை ரத்தக் குழாயில், காற்றில் அல்ல. அங்கே பி.ஐ.பி.யை ஏற்றிப் பயனில்லை. ரத்த அழுத்தம் அந்த வயதுக்கு உரிய அளவில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கிலோவுக்கு 10 மி.லி. திரவம், தேவையானால் இன்னொரு முறை, அதற்கு மேல் திரவத்தை ஊற்றாமல் மருந்து. எக்கோ பார்த்த பிறகே நைட்ரிக் ஆக்சைடு, 20 பி.பி.எம்.மில். இடது இதயம் சரியாக வேலை செய்யவில்லையென்றால், நுரையீரல் குழாய்களைத் திறந்துவிட்ட ரத்தம் அங்கே தேங்கி நீர் கோத்துக்கொள்ளும், நிலைமை மோசமாகும். அப்போது முதலில் கவனிக்க வேண்டியது இதயத்தை. 1997-இல் வெளியான சோதனையில், இந்தக் குழந்தைகளுக்கு நைட்ரிக் ஆக்சைடு மரணத்தையோ எக்மோ தேவையையோ குறைக்கவில்லை. சில குழந்தைகளுக்குத் தெளிவாக உதவுகிறது என்பதால் கொடுத்துப் பார்க்கிறோம், ஒரு மணி நேரத்தில் மாற்றமில்லையென்றால் நிறுத்துகிறோம்.

தசை தளர்த்தும் மருந்தை வழக்கமாகப் போடாதீர்கள். குழந்தை தானே எடுக்கும் மூச்சு, குறைந்த அழுத்தத்தில் காற்றைப் பரப்பித் தருகிறது. அதை நிறுத்தினால் இயந்திரம் கூடுதலாக உழைக்க வேண்டும், உடலிலும் நீர் கோக்கும். வலிக்கும் பதற்றத்துக்கும் ஃபென்டனில் அல்லது மார்ஃபின் போதுமான அளவில் ஓடட்டும். மூடிய உறிஞ்சல், குறைந்த வெளிச்சம், எக்ஸ்ரேயும் ரத்தமும் டயப்பரும் ஒரே நேரத்தில். சாச்சுரேஷன் 60-க்குச் சரியும் பல தருணங்கள் யாரோ தொட்டதால் வருபவை. யாரும் எதையும் மாற்றாமல் ஐந்து நிமிடம் கை எடுத்து நின்றால் பெரும்பாலும் தானே ஏறிவிடும்.

திடீரென்று ரத்த அழுத்தமும் சாச்சுரேஷனும் சேர்ந்து விழுந்து, வலப்பக்கம் மூச்சு ஒலி குறைந்து, வலப்பக்கம் இருந்த இதய ஒலி நடுவுக்கு வந்திருந்தால் வலது நியூமோதோராக்ஸ் என்று எடுத்துக்கொண்டு ஊசியால் காற்றை வெளியே எடுங்கள், எக்ஸ்ரேக்குக் காத்திருக்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடப்பக்கம் தெரியும் காற்று அப்படியல்ல. குடல் வெளியேறிய காலி இடம் அது, மெல்ல நீரால் நிறையும். இதயம் வலப்பக்கம் தள்ளப்படாதவரை அதில் டிரெய்ன் தேவையில்லை. போட்டிருந்தாலும் உறிஞ்சலில் இணைக்காதீர்கள், நடுமார்பு இடப்பக்கம் இழுபட்டு வலது நுரையீரல் அளவுக்கு மீறி விரியும். அறுவை சிகிச்சைக்கும் அவசரம் வேண்டாம். ஆக்சிஜன் 50 சதவீதத்துக்குக் கீழே வந்து, வலது கை 85-95, லாக்டேட் 3-க்குக் கீழ், சிறுநீர் சரியாகப் போனால் அப்போது. குடலை வயிற்றுக்குள் அடைத்தபின் வயிற்று அழுத்தம் ஏறுவதால் முதல் ஓரிரு நாட்கள் வென்டிலேட்டர் தேவை கூடத்தான் செய்யும். அறுவை தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

எக்மோ மையத்தை எப்போது அழைப்பது என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். பி.ஐ.பி. 28 அல்லது எச்.எஃப்.ஓ. மீன் பிரஷர் 17 தாண்டினால்தான் வலது கை 85 நிற்கிறது என்றால், அல்லது வலது கை ரத்தத்தில் கணக்கிட்ட இண்டெக்ஸ் மூன்று மணி நேரம் 40-க்கு மேல் நின்றால், அல்லது லாக்டேட் 5-க்கு மேலும் பி.எச். 7.15-க்குக் கீழும் இருந்தால், அந்த மையங்களே ஏற்றுக்கொள்ளும் வரம்புகள் இவை. ஆனால் வரம்பைத் தொட்டபின் அழைத்தால் பயணத்துக்கு நேரம் இருக்காது. பி.ஐ.பி. 25-இலும் 85-ஐப் பிடிக்க முடியாதபோதே தொலைபேசியை எடுங்கள்.

கடைசியாக, படுக்கைத் தலைமாட்டில் ஒட்டும் தாளில் மேல்வரம்புகளை மட்டும் எழுதாமல் கீழ்வரம்புகளையும் எழுதுங்கள். இரவுப் பணி செவிலியருக்கும் பயிற்சி மருத்துவருக்கும், எது ஏறினால் கூப்பிட வேண்டும் என்று நன்றாகவே தெரியும். கார்பன் டை ஆக்சைடு 45-க்குக் கீழே வந்தாலும் கூப்பிட வேண்டும் என்பது தெரியாது. 45-க்குக் கீழே: பி.ஐ.பி.யில் 2 குறை, 30 நிமிடத்தில் வாயு. வலது கை 95-க்கு மேல்: ஆக்சிஜனில் 5 குறை, 15 நிமிடம் பார். இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் அழுத்தம், பிறகு ஆக்சிஜன். முதல் ரத்த வாயுவைப் பிறந்த 30 நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள், முதல் குறைப்பு பெரும்பாலும் அங்கேயே தொடங்கும்.